அம்மாவுக்கு ஸ்டெம் செல் டிரான்ஸ்பிளான்ட் இப்போதே செய்யலாமா, தள்ளிப் போடலாமா?

11 ஆகஸ்ட் 2024, வாசகர் கேள்வி

அம்மாவுக்கு 61 வயது. பிப்ரவரியில் மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய்) என்று தெரிந்தது. நான்கு சுற்று ஊசியும் மாத்திரையும் முடிந்து, எம் பேண்ட் (மைலோமா செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு) 3.9-லிருந்து 0.4-க்கு இறங்கியிருக்கிறது. ஒரு டாக்டர் இப்போதே ஆட்டோலோகஸ் டிரான்ஸ்பிளான்ட் (ரத்தத்தை உண்டாக்கும் அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருப்பி ஏற்றுவது) செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், இப்போது வந்திருக்கும் மருந்துகளே போதும், நோய் திரும்பினால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டோம். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

12 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

செய்துவிடுங்கள் தம்பி. நான் செய்துகொண்டவள். 2021 பிப்ரவரியில், அப்போது எனக்கு 53. திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இன்றைக்கும் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன், மூன்றரை வருடமாக நோய் தலைகாட்டவில்லை. அம்மாவின் இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால் 61 எல்லாம் ஒரு வயதே இல்லை. பயந்துகொண்டு தள்ளிப் போடாதீர்கள். செய்தால் ஆயுள் கூடும்.

13 ஆகஸ்ட், காலை 5.15

நேற்று எழுதியதில் கடைசி வரி தப்பு. இரவெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் எழுந்ததும் முதல் வேலையாகத் திருத்துகிறேன்.

கூடுவது ஆயுள் என்று நிரூபணமாகவில்லை. நோய் அடங்கியிருக்கும் காலம் கூடுகிறது என்பதுதான் நிரூபணமானது. இரண்டும் ஒன்றல்ல. நான் செய்துகொண்ட அடுத்த வருடம், 2022-இல், அமெரிக்காவில் டிடர்மினேஷன் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 722 பேர், எல்லாரும் 65 வயதுக்குள். எல்லாருக்கும் அதே மூன்று மருந்து (போர்டிசோமிப், லெனாலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன்), அதில் பாதிப் பேருக்கு டிரான்ஸ்பிளான்டும் சேர்த்து. டிரான்ஸ்பிளான்ட் செய்தவர்களுக்கு நோய் மறுபடி முன்னேறாமல் இருந்த காலம் 67.5 மாதம், செய்யாதவர்களுக்கு 46.2 மாதம். கிட்டத்தட்ட இரண்டு வருட வித்தியாசம். ஆனால் ஐந்தாவது வருடக் கடைசியில் உயிரோடு இருந்தவர்களை எண்ணினால் இரண்டு பக்கமும் நூற்றுக்கு எண்பதை ஒட்டித்தான். செய்யாதவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, திரும்பியபோது கொடுக்க வேறு நல்ல மருந்துகள் இருந்தன. இரண்டாவது டாக்டர் சொல்வது இதை வைத்துத்தான். அவரும் தெரியாமல் சொல்லவில்லை.

இந்த 67.5 என்பது சராசரி இல்லை, நடு எண். வகுப்பில் 41 பிள்ளைகளை உயர வரிசையில் நிற்க வைத்தால் 21-வது பிள்ளையின் உயரம் மாதிரி. பாதிப் பேருக்கு அதற்கு முன்பே திரும்பிவிட்டது, மீதிப் பாதிப் பேருக்கு அதைத் தாண்டியும் வரவில்லை. உங்கள் அம்மா வரிசையில் எங்கே நிற்பார் என்று அந்த எண் சொல்லாது. டாக்டர் மாதக் கணக்கைச் சொன்னதும் வீட்டில் எல்லாரும் காலண்டரை எடுத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நானே எடுத்தேன்.

13 ஆகஸ்ட், இரவு

இன்னொருவர் கேட்டிருக்கிறார், தம்பி தங்கைகளில் யார் செல் கொடுப்பது, பொருத்தம் பார்க்க வேண்டாமா என்று. வேண்டாம். மைலோமாவுக்குப் பெரும்பாலும் செய்வது ஆட்டோலோகஸ், அதாவது நம் செல்லையே எடுத்து நமக்கே திருப்பிக் கொடுப்பது. கூடப் பிறந்தவர்களிடம் பொருத்தம் தேடுவது தலசீமியா, சில வகை ரத்தப் புற்றுநோய் மாதிரியானவற்றுக்கு. அதில் ஒரு உடன்பிறப்பு பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதன் ஆபத்துக் கணக்கே வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கதையைக் கேட்டு நடுங்கிப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

நம் விஷயத்தில் ‘மாற்று’ என்ற சொல்லே குழப்புகிறது. வைத்தியம் செய்வது செல் இல்லை, மெல்ஃபலான் என்ற மருந்து. அதை மிக அதிக அளவில் ஒரே தடவையாகக் கொடுப்பார்கள். அது மைலோமா செல்லோடு சேர்த்து நல்ல மஜ்ஜையையும் அழித்துவிடும். முன்னாலேயே எடுத்து வைத்த ஸ்டெம் செல்லை அப்புறம் ஏற்றுவது மஜ்ஜையை மீட்டெடுக்க. கேள்வியை ‘இந்த மெல்ஃபலான் அடியை இப்போது வாங்கிக்கொள்ளலாமா’ என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள், வீட்டில் பேசுவது தெளிவாக இருக்கும். இன்னொன்று, இதனால் மைலோமா அடியோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

17 ஆகஸ்ட்

தம்பி, நீங்கள் இதுவரை நான்கு முறை எழுதிவிட்டீர்கள். அண்ணன் இப்படிச் சொல்கிறார், மாமா அப்படிச் சொல்கிறார், என் மனைவி பயப்படுகிறாள் என்றெல்லாம் இருக்கிறது. அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி கூட இல்லையே?

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. 2020-இல் எனக்கு முதுகுவலி என்று ஆரம்பித்தது. பரீட்சைத் தாள் திருத்தி உட்கார்ந்த வலி என்று ஒரு மாதம் தைலம் தேய்த்தேன். ஹீமோகுளோபின் 7.8 என்று வந்த பிறகுதான் மஜ்ஜையைப் பார்த்தார்கள். அதிலிருந்து மூன்று மாதம் டாக்டர் என் கணவரிடமும் என் அண்ணனிடமும்தான் பேசினார். நான் அதே அறையில், அதே மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ‘இவங்க தாங்குவாங்களா?’ என்று அவர்களைப் பார்த்துக் கேட்பார். இவர்களும் யோசித்து, ‘தாங்குவா சார்’ என்பார்கள். எனக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் கூட்டம் ஞாபகம் வரும், பிள்ளையை நடுவில் நிறுத்திவைத்து அப்பாவும் டீச்சரும் பேசிக்கொள்வார்களே, அது மாதிரி.

ஒருநாள் நான் ஒரு தாளில் ஏழு கேள்வி எழுதிக்கொண்டு போய் நேராக அவரிடமே நீட்டினேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்துப் பேசினார். நல்ல மனிதர்தான், யாரும் கேட்காததால் பழகிப்போய்விட்டது. வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார், ‘ஏம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?’ இருக்கிறது அண்ணா, வாயெல்லாம் வெந்து படுத்துக் கிடக்கப்போவது நான்தானே என்றேன். அவர் அழுதுவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் பேச்சே மாறிவிட்டது.

அம்மாவுக்குப் படிப்பு இல்லை, சொன்னால் பயந்துவிடுவார் என்று நீங்கள் எழுதலாம். நான்கு சுற்று ஊசி போட்டுக்கொண்டவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்.

18 ஆகஸ்ட்

ஒரு நடைமுறை விஷயம், இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். செல் எடுப்பதும் டிரான்ஸ்பிளான்ட் செய்வதும் தனித்தனி முடிவு. இப்போது செல் எடுத்து உறையவைத்துவிட்டு, டிரான்ஸ்பிளான்ட் எப்போது என்பதைப் பிறகு யோசிக்கலாம். லெனாலிடோமைடு மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால் செல் எடுப்பது கடினமாகும், அதனால்தான் நான்கு சுற்று முடிந்தவுடன் எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் அம்மா சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறார்.

எனக்கு 2020 செப்டம்பரில் எடுத்தார்கள். ஐந்து நாள் ஜி-சி-எஸ்-எஃப் ஊசி (ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைப்பது), இடுப்பெலும்பில் உள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி வலி. அப்புறம் இரண்டு நாள் மெஷினில், ஒரு குழாய் வழியாக ரத்தம் போய்ச் சுழன்று, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதி இன்னொரு குழாய் வழியாக வந்துகொண்டே இருக்கும். உதடு எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும். ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் மருந்து கால்சியத்தை இழுப்பதால் அப்படி, சொன்னால் கால்சியம் கொடுப்பார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பக்கவாதம் வருகிறதோ என்று பயந்துவிடுவார். நான் பயந்தேன். ஒரு டிரான்ஸ்பிளான்டுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல்லாவது வேண்டும். எனக்கு 84 லட்சம் கிடைத்தது, இரண்டு பையாகப் பிரித்து வைத்தார்கள்.

எடுத்தும் ஐந்து மாதம் தள்ளிப் போட்டேன். தையில் மகள் கல்யாணம். மொட்டைத் தலையோடு மணமேடையில் நிற்க மாட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். இப்போது யோசித்தால் கல்யாணம் பாதிக் காரணம்தான். மீதி பயம், அதைச் சொல்லக் கூசியது, கல்யாணம் கைக்கு வசதியாக வந்தது. ஆனால் அந்தக் கல்யாணத்தில் நான் பந்தி விசாரித்தேன், அது போதும், வருத்தமில்லை.

தள்ளிப் போடுவதில் ஒரு எச்சரிக்கை மட்டும். அதே அமெரிக்க ஆய்வில், முதலில் மருந்து மட்டும் எடுத்து, அப்புறம் வேறு சிகிச்சைக்கு மாறியவர்களில் டிரான்ஸ்பிளான்ட் நடந்தது நூற்றுக்கு 28 பேருக்குத்தான். பிறகு செய்துகொள்ளலாம் என்பது பலருக்கு நடக்காமலே போகிறது. வயது கூடும், சிறுநீரகம் ஒத்துழைக்காது, இல்லை வேறு மருந்து நன்றாக வேலை செய்யும். தள்ளிப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

25 ஆகஸ்ட்

முட்டி வலிக்கும், சர்க்கரைக்கும், ஆட்டிசத்துக்கும் ‘ஸ்டெம் செல் ஊசி’ போடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. ரத்தம், மஜ்ஜை நோய்களுக்குச் செய்யும் டிரான்ஸ்பிளான்ட் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. இந்தியாவில் 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது, வேலூர் சி.எம்.சி.யில் 1986-இலிருந்து செய்கிறார்கள். மற்றதை ஆராய்ச்சிக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்யக்கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். தயவுசெய்து நிலத்தை விற்று அங்கே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

1 செப்டம்பர், ஞாயிறு

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா கேட்டார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, முதல் நாள் கழுத்துப் பக்கம் ஒரு குழாய் போடுவார்கள். அடுத்த நாள் மெல்ஃபலான். ஏறுவது அரை மணி நேரம்தான். அதற்கு முன்னால் ஆரம்பித்து, முடிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஐஸ் துண்டு சப்பிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். பல் கூசும், தாடை மரத்துப்போகும், போதும் என்றிருக்கும். நிறுத்தாதீர்கள். வாய்க்குள் ரத்த ஓட்டம் குறைந்தால் அங்கே மருந்து அதிகம் போகாது, புண் குறையும். நான் பாதியில் துப்பிவிட்டேன், அப்புறம் ஒரு வாரம் எச்சில் விழுங்க அழுதேன்.

அதற்கடுத்த நாள் செல் ஏற்றுவார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆபரேஷன் மாதிரி இருக்கும் என்று நினைப்பு. ஒன்றுமில்லை. வெந்நீர்த் தொட்டியில் பையைப் போட்டு, உறைந்தது கரைந்ததும் கையால் மெல்ல அசக்கி எடுத்துத் தொங்கவிட்டார்கள். தக்காளி ரசத்தில் கொஞ்சம் பால் விட்ட மாதிரி நிறம். கால் மணி நேரத்தில் முடிந்தது. செல்லைப் பாதுகாக்கச் சேர்த்த மருந்தால் தொண்டையில் பூண்டு நாற்றம் ஏறும், அறை முழுக்க இரண்டு நாள் அடிக்கும். கணவர் வாசலில் நின்று, ‘யாரு இங்க ஊறுகா போட்டது?’ என்றார். அந்த ஒரு வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

பின்னால் வருகிற பத்து நாள்தான் உண்மையான கஷ்டம். வெள்ளணு பூஜ்யத்துக்கு இறங்கும், வயிற்றுப்போக்கு, சோர்வு என்றால் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற சோர்வு. எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. பச்சைக் காய், பழம், கொத்தமல்லிச் சட்னி, தயிர் எதுவும் கிடையாது, ஆவியில் வெந்த இட்லி, குக்கரில் குழைந்த சோறு. தயிர்சாதம் இல்லாமல் மூன்று வாரம் என்பதை என்னால் முதலில் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. முடி இரண்டாவது வாரம் தலையணை உறையில் மொத்தமாக வந்துவிட்டது. கல்யாணத்தில் வைத்த மல்லிகைச் சரத்தின் நார் ஒன்று அந்த முடியோடு சிக்கியிருந்தது, எப்படி அத்தனை நாள் இருந்ததோ தெரியாது. அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

16 நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2 செப்டம்பர்

திருத்தம். நேற்று எழுதியதைக் கணவர் படித்துவிட்டு அவருடைய டைரியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். கடைக்குக் கொள்முதல் எழுதுகிற நோட்டு, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாள் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறார். 16 நாள் இல்லை, 19. காய்ச்சல் ஒரு நாள் இல்லை, நான்கு நாள். அதில் ஒரு ராத்திரி 103. ‘பேச்சு குழறுகிறது’ என்று ஒரு வரி. எனக்கு அது சுத்தமாக ஞாபகமில்லை. 11-ஆம் நாள் நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் ஒரு வகை வெள்ளணு) 200, 12-ஆம் நாள் 600, 13-ஆம் நாள் 1400 என்று எழுதி அந்த 1400-ஐச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்.

ஆகவே தம்பி, என்னைப் போன்றவர்கள் ‘அவ்வளவு கஷ்டமில்லை’ என்று சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். தேறி வந்தவர்களின் மனசு தானாகவே கழித்துவிடுகிறது. கூட இருந்தவரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆய்விலும் அப்படித்தான், கடுமையான பக்கவிளைவு செய்தவர்களில் நூற்றுக்கு 94, செய்யாதவர்களில் 78. பிற்பாடு இரண்டாவதாக ஒரு ரத்தப் புற்றுநோய் (ஏ.எம்.எல். அல்லது எம்.டி.எஸ்.) வந்தவர்கள் டிரான்ஸ்பிளான்ட் பக்கம் பத்துப் பேர், மறுபக்கம் ஒருவரும் இல்லை. இதையும் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

14 செப்டம்பர்

ஃபிஷ் ரிப்போர்ட்டில் (மைலோமா செல்லின் குரோமோசோமைப் பார்க்கும் பரிசோதனை) 17பி, அதாவது 17-வது குரோமோசோமின் ஒரு பகுதி, இல்லை என்று வந்திருப்பதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

இது கணக்கை மாற்றுகிறது. 17பி இல்லாமல் போவது ஹை ரிஸ்க் வகை, நோய் சீக்கிரம் திரும்பக்கூடியது. அந்த ஆய்வில் ஹை ரிஸ்க் உள்ளவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தால் நோய் முன்னேறாமல் இருந்த காலம் டிரான்ஸ்பிளான்ட் செய்தவர்களுக்கு 55.5 மாதம், செய்யாதவர்களுக்கு 17.1. குறைந்த எண்ணிக்கைப் பேரை வைத்துப் போட்ட கணக்குதான், ஆனாலும் இடைவெளி பெரியது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி நான் ‘இரண்டு டாக்டரும் சரிதான்’ என்கிற மாதிரி எழுதினேன். உங்கள் அம்மா விஷயத்தில் இப்போது முதல் டாக்டர் பக்கம் சாய்கிறேன். இரண்டாவது டாக்டரிடமும் இந்த ரிப்போர்ட்டைக் காட்டி, இப்போதும் அதையேதான் சொல்கிறீர்களா என்று கேளுங்கள். அவர் முன்பு சொன்னபோது இந்தத் தாள் அவர் கையில் இல்லையே.

22 செப்டம்பர்

பணம். எனக்கு எல்லாம் சேர்த்து ஏழே முக்கால் லட்சம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் எடுத்த வாடகை வீடு உட்பட. காப்பீட்டில் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது, அதுவும் நான்கு முறை கடிதம் எழுதிய பிறகு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று உண்டு. வருட வருமான வரம்பு 2022-இலிருந்து 1,20,000 ரூபாய். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் செய்கிறார்கள். தனியார் மதிப்பீட்டை வாங்கிக்கொண்டு அப்படியே நகையை எடுத்துக்கொண்டு ஓடாமல், அங்கே ஒருமுறை போய் விசாரியுங்கள். அதற்கப்புறம் லெனாலிடோமைடு வருடக்கணக்கில் வாங்க வேண்டியிருக்கும், அதற்கும் கொஞ்சம் மீதி வையுங்கள்.

9 அக்டோபர்

அம்மா சொன்னதை நீங்கள் எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். ‘செல்ல எடுத்து வச்சுக்கிடட்டும். தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளுக்கு நான் முறுக்கு சுடணும். அது முடிஞ்சதும் வந்து படுத்துக்கிடறேன்.’ அவ்வளவுதான், முடிவு எடுத்துவிட்டார்! ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் தள்ளுவது சரி என்று சொல்லியிருந்தால் மறுபேச்சு பேசாதீர்கள். அண்ணனையும் மாமாவையும் அவர்கள் பாட்டுக்கு விடுங்கள்.

போகும்போது மெத்தென்ற பருத்தித் துணி நாலைந்து தலைக்குக் கட்ட, பல் தேய்க்கச் சின்னக் குழந்தை பிரஷ், கூட இருப்பவருக்கு ஒரு நோட்டு.

16 நவம்பர்

அம்மாவுக்கு இன்று செல் ஏற்றியாகிவிட்டது என்று பார்த்தேன். ஐஸ் முழுவதும் சப்பினாராமே. என்னைவிட கெட்டிக்காரர்.

என் பக்கம் ஒரு செய்தி. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நல்லதை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டால் நியாயமில்லை. வியாழக்கிழமை என் ரிப்போர்ட் வந்தது. எம் பேண்ட் மறுபடி தெரிகிறது, 0.3. டிரான்ஸ்பிளான்ட் ஆகி 45 மாதம், நோய் தெரிந்ததிலிருந்து ஐம்பதுக்கு மேல். வரிசையில் 21-வது பிள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறேன். டாக்டர் இது மருந்து மாற்றும் அளவு இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்போது கேட்டால், செய்தது சரியா? அந்த 45 மாதத்தில் நான்கு பத்தாம் வகுப்பு முடித்து அனுப்பினேன், பேத்தி பிறந்தாள், அவளுக்கு இப்போது நூறு வரை எண்ணத் தெரியும், 39-க்கு அப்புறம் மட்டும் 50 என்பாள். மருந்து மட்டும் எடுத்திருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்காதா என்று கேட்டால், கிடைத்திருக்கலாம். இன்னொரு என்னை வைத்து ஒப்பிட வழியில்லை. நான் கேட்டு, புரிந்து, நானே கையெழுத்துப் போட்டேன் என்பதால் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை, என் மேலும் இல்லை.

30 நவம்பர்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டது அறிந்து சந்தோஷம். தடுப்பூசியெல்லாம் புதிதாகப் போட வேண்டும், ஆறு மாதம் போனதும் நினைவாகக் கேளுங்கள், அதை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். தயிர்சாதம் எப்போது என்று அவர் கேட்டதற்கு, அவருடைய டாக்டர் சரி என்ற அன்று, வீட்டில் காய்ச்சிய பாலில் உறை ஊற்றியது.

என் இரண்டாவது பை இன்னும் உறைநிலையில்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் அதை வைத்து இரண்டாவது தடவை செய்யலாமா, இல்லை புது மருந்துக்குப் போகலாமா என்று டாக்டரும் நானும் பிப்ரவரியில் பேசுவோம். நோட்டில் கேள்வி எழுத ஆரம்பித்துவிட்டேன், இதுவரை ஐந்து. நேற்று போய் அடுத்த வருடத்துக்கான சேமிப்புக் கட்டணம் கட்டிவிட்டு வந்தேன்.